வெள்ளி நூலும் அவித்த முட்டையும்

ஜூன் 3, திங்கள்

புத்தாண்டுக்குக் கம்பெனியில் கொடுத்த டைரியை இன்றுதான் திறக்கிறேன். காரணம் எபனேசர் சார். கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து எங்கள் மில்லுக்கு வந்திருக்கும் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். நாகர்கோவில்காரர். காலையில் டெஸ்டிங் லேபுக்குள் வந்தவர், சாம்பல் நிறத்தில் இரண்டு விரல் அகலத் துணிப் பட்டை ஒன்றை என் கையில் கொடுத்து, "இழுத்துப் பாருங்க மேடம்" என்றார்.

இழுத்தேன். ஒன்றரை மடங்கு நீண்டது, விட்டதும் சுருங்கியது. திருப்பூரில் பத்தொன்பது வருடம் துணி டெஸ்ட் செய்கிற எனக்கு இதில் என்ன அதிசயம்?

அப்புறம் பட்டையின் ஒரு முனையில் பேட்டரியையும் மறுமுனையில் சின்ன பல்பையும் மாட்டி, இரண்டையும் ஒரு வயரால் இணைத்தார். பல்பு எரிந்தது. "இப்ப இழுங்க." இழுத்தேன். கொஞ்சம் மங்கியது, ஆனால் அணையவில்லை. விட்டதும் பழையபடி எரிந்தது. நான் நாலைந்து தரம் இழுத்து இழுத்து விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

"வெள்ளி பூசின நூலாக்கும் இது. சாதா வயரை இழுத்தா அறுந்துரும். இது நீளும், சுருங்கும், கரண்டும் போகும்."

எதற்கு என்றால், குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு. அவை சில நேரம் மூச்சுவிட மறந்துவிடுமாம். நெஞ்சைச் சுற்றி இந்தப் பட்டையைக் கட்டினால் ஒவ்வொரு மூச்சுக்கும் பட்டை நீண்டு சுருங்கும், அதை வைத்து மெஷின் மூச்சை எண்ணும், நின்றால் மணி அடிக்கும். இப்போது வயரை பிளாஸ்திரி போட்டு ஒட்டுகிறார்கள், பிரிக்கும்போது பிஞ்சுத் தோல் உரிந்துவிடுகிறதாம்.

ஒரு குழந்தைக்குக் கட்டியதை அடுத்த குழந்தைக்குத் துவைத்துத்தானே கட்ட வேண்டும்? ஐம்பது வாஷ் தாங்குமா என்று பார்ப்பதுதான் என் வேலை. மீட்டரில் இப்போது பதினெட்டு ஓம் காட்டுகிறது. கரண்டுக்கு எவ்வளவு தடை என்கிற கணக்கு அது, குறைவாக இருந்தால் நல்லது. ஐம்பதாவது வாஷுக்குப் பிறகும் நாற்பதைத் தாண்டக் கூடாது.

தாண்டாவிட்டால் எங்கள் மில்லில் இதற்கென்று தனி செக்‌ஷன் வரும். தாண்டிவிட்டால் லேபையே மூடிவிட்டு டெஸ்டிங்கை வெளியில் கொடுக்கிற யோசனையில் எம்.டி. இருக்கிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

"நடக்கிறத எல்லாம் எழுதி வைங்க மேடம். தேவையில்லாததுன்னு எதையும் விட்டுராதீங்க" என்றார் எபனேசர் சார். நம்பர்கள் ரெஜிஸ்டரில். மற்றது இதில்.

ஜூன் 4, செவ்வாய்

பன்னிரண்டு பட்டைகள். மூன்று வாஷ் முடிந்தது. எல்லாம் பதினெட்டு.

வாஷிங் மெஷின் ஓட்டுவது ஜெரினா. நாலு வருடமாக என்னோடு லேபில் இருக்கிறாள். நல்ல வேலைக்காரி, வாய்தான் ஓயாது. பேசாத நேரத்தில் பாடுவாள். மதியம் லேபிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள், இங்கே ஃபேன் நன்றாகச் சுற்றும் என்பதால். தினமும் இரண்டு அவித்த முட்டை. "சாந்தாக்கா, ஒண்ணு எடுத்துக்குங்க" என்று தினமும் கேட்பாள், நான் தினமும் வேண்டாம் என்பேன்.

துவைத்ததும் பட்டைகளை ஆறாறாக அடுக்கி, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டு, சூட்டு அலமாரியில் காய வைக்கிறேன். மாலையில் அப்படியே டப்பாவுக்குள் போய்விடும். ஒன்று முன்னே ஒன்று பின்னே நீட்டிக்கொண்டிருக்காது. எபனேசர் சார் பார்த்துவிட்டு, "அடுக்கி வச்சிருக்கிற அழகைப் பாருங்க" என்றார். மில்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சாந்தாமணி மேசை மாதிரி வராது என்று.

ஜூன் 6, வியாழன்

ஒன்பது வாஷ். பத்தொன்பது ஓம். வீட்டில் தண்ணீர் விட்டார்கள். எல்லாக் குடத்தையும் நிறைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஜூன் 11, செவ்வாய்

இருபத்தொரு வாஷ். முப்பத்தைந்து ஓம். இரண்டு பட்டை நாற்பத்தைந்து.

பட்டையில் கறுப்பு தெரிகிறது. வெள்ளிக் கொலுசு கறுக்கிற மாதிரி.

ஜூன் 12, புதன்

தண்ணீரை டெஸ்ட் செய்தோம், சரியாக இருக்கிறது. சோப்பை மாற்றிப் பார்த்தோம், அதிலும் குற்றமில்லை. எபனேசர் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நடக்கிறார். எம்.டி. தங்கமுத்து சார் லேப் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் திட்டினால்கூடத் தேவலை.

ஜூன் 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

மதியம் ஜெரினா முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். வாசம் லேப் முழுக்க. திடீரென்று பொறி தட்டியது. செல்லில் தேடினேன். முட்டையில் கந்தகம் இருக்கிறது, அவித்தால் அதன் ஆவி வரும், வெள்ளியைக் கறுக்க வைக்கும். ஆதாரத்தோடு போட்டிருக்கிறார்கள். எபனேசர் சாரிடம் காட்டினேன். "இருக்கலாம். ஆனா ரெண்டு முட்டைக்கு இவ்வளவா?" என்றார். நாலு வருடமாகத் தினமும் இரண்டு முட்டை என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

எம்.டி.யிடம் எழுதிக் கொடுத்தேன். பெயர் எதுவும் போடவில்லை. 'லேபில் முட்டை சாப்பிடுவதால்' என்றுதான் எழுதினேன். லேபில் சாப்பிடுவது ஒரே ஒருத்திதான் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதற்கு நான் என்ன செய்ய?

மத்தியானத்துக்குள் நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். மில் வளாகத்துக்குள் முட்டை கொண்டுவரக் கூடாது. கேன்டீனில் முட்டைக் குழம்பு நின்றுபோனது. ஜெரினாவைப் பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது, "நான் வேணும்னே பண்ணலீங்க்கா" என்றாள். "தெரியும், போ" என்றேன். நல்லபடியாகத்தான் சொன்னேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு வந்து முட்டைப் பொரியல் கேட்டார். இந்த வீட்டில் கொஞ்ச நாளைக்கு முட்டை கிடையாது என்றேன்.

"ஏம்புள்ள, உங்க கம்பெனிப் பட்டைய நம்மூட்டு முட்டை என்ன பண்ணுச்சு?"

என் புடவையில் வாசம் ஒட்டிக்கொண்டு போகும் என்று விளக்கினேன். தக்காளித் தொக்கு வைத்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே மூன்று முறை சிரித்தார்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பக்ரீத் லீவு. வருடா வருடம் மறுநாள் ஜெரினா ஒரு டப்பா பிரியாணி கொண்டுவருவாள். இந்த வருடம் இல்லை. எனக்கு எப்படியும் நெஞ்செரிச்சல்.

கேன்டீனில் பேக்கிங் பையன்கள் அவளை 'முட்டை' என்று கூப்பிடுகிறார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் டம்ளரைக் கழுவினாள். லேபில் இப்போது பாட்டுச் சத்தம் இல்லை. நிம்மதியாக வேலை ஓடுகிறது.

ஜூன் 19, புதன்

புதிதாகப் பன்னிரண்டு பட்டை. முதலிலிருந்து ஆரம்பம். மெஷினை நானே ஓட்டுகிறேன், அதனால் ஒரு நாளைக்கு மூன்று வாஷ் முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. இந்தத் தடவை இன்னும் பத்திரமாக, ரப்பர் பேண்டை இரட்டையாகச் சுற்றிவைக்கிறேன். கலைந்துபோக வாய்ப்பே இல்லை.

ஜூன் 24, திங்கள்

ஞாயிறு முழுக்கப் பட்டைகள் டப்பாவில் கட்டினபடி இருந்தன. காலையில் திறந்தால் கறுப்பு. பன்னிரண்டு வாஷ்தான் ஆகியிருக்கிறது. ஐம்பத்திரண்டு ஓம்.

மில்லில் பத்து நாளாக ஒரு முட்டை ஓடுகூட இல்லை.

எபனேசர் சார் பன்னிரண்டு பட்டையையும் வெள்ளைத் தாளில் வரிசையாகப் பரப்பினார். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். "மேடம், பட்டை பூரா கறுக்கல பாத்தியளா. ரெண்டே ரெண்டு கோடு. எல்லாத்துலயும் ஒரே இடம். ஆவின்னா பூராவும்லா கறுக்கணும்? மெஷின்ல கிளிப்பு ஏதாச்சும் பிடிக்கா?"

"இல்லீங்க சார்" என்றேன்.

கையிலிருந்ததை டிராயரில் போட்டு மூடினேன். தலைவலி என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. வீட்டு மோட்டார் ரிப்பேர். துருவின தேங்காயை ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்து மறந்துவிட்டேன், கெட்டுப்போனது.

ஜூன் 26, புதன்

பழைய ஸ்டாக்கிலிருந்து பத்துப் பட்டை எடுத்து வைத்தேன். ஐந்து ஒரு மாதிரி, ஐந்து வேறு மாதிரி. சூட்டு அலமாரியில் மேல் தட்டில். சும்மாதான்.

ஜூன் 29, சனி

மேல் தட்டைத் திறந்தேன்.

பஞ்சு நூலால் கட்டிய ஐந்தும் பதினெட்டு ஓம். வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே பளிச்சென்று இருந்தன. ரப்பர் பேண்ட் போட்ட ஐந்திலும் இரண்டு கறுப்புக் கோடு. ஸ்கேல் வைத்து அளந்தேன். ரப்பர் பேண்ட் என்ன அகலமோ அதே அகலம். துவைக்கக்கூட இல்லை அவற்றை.

ரப்பரிலும் கந்தகம் இருக்கிறதாம். பதினாறு நாளைக்கு முன்னால் நான் செல்லில் பார்த்த அதே பக்கத்தில், முட்டைக்கு அடுத்த வரியில் போட்டிருக்கிறது. அந்த வரியை நான் படிக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"நூல்ல கட்டுனாப் போதும். இனிமே கறுக்காது."

"அத நான் கேக்கல புள்ள."

அப்புறம் அவர் டயரைத் துடைக்கப் போய்விட்டார். நான் உள்ளே வந்து அரிசி களைந்தேன். இரண்டு தரம் களைந்ததை மறந்து நாலு தரம் களைந்தேன்.

நாளைக்கு ரப்பர் பேண்டை எடுத்துவிட்டு நூலைக் கட்டி, 'சோப்பை மாற்றினோம், சரியாகிவிட்டது' என்று ரெஜிஸ்டரில் எழுதிவிடலாம். அப்படி ஒரு யோசனை எனக்கு வரவே இல்லை என்று எழுதத்தான் ஆசை.

ஜூலை 1, திங்கள்

சொல்லிவிட்டேன்.

எம்.டி. ரூமில் எபனேசர் சாரும் இருந்தார். பத்துப் பட்டையையும் மேசையில் பரப்பினேன். "முட்டை இல்லீங்க சார். ரப்பர் பேண்ட். போட்டது நான்தான்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

தங்கமுத்து சார் ஒரு பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஏனுங் சாந்தாமணி, நாப்பது நாளா கேன்டீன்ல முட்டைக் குழம்பு இல்லைன்னு அத்தன பேரும் என்னைய மொறச்சுட்டுத் திரியறாங்க."

"பதினேழு நாள்தானுங்க சார்."

"எனக்கு நாப்பது மாதிரி இருக்குது."

எபனேசர் சார் தலையில் அடித்துக்கொண்டார். "அந்த ரப்பர் பேண்டை நானும்தான் டெய்லி பாத்தேன்! அடுக்கின அழகைப் பாருன்னு பாராட்டு வேற!" அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், ஒண்ணு யோசிங்க. ஆஸ்பத்திரில எங்க பாத்தாலும் ரப்பராக்கும். கையுறை, ஷீட்டு, டியூபு. இது இங்க தெரியாம அங்க போயி, ஒரு கொழந்தை நெஞ்சுல இருக்கும்போது கறுத்திருந்தா? மேடம் இன்னைக்கு கண்டுபிடிச்சது சின்ன விஷயமில்ல. 'ரப்பர் படக் கூடாது'ன்னு ஒவ்வொரு பட்டையிலயும் லேபிள் தைக்கணும்."

நான் கண்டுபிடித்தேனாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெரினாவைத் திரும்ப லேபுக்கு அனுப்ப வேண்டும், நோட்டீஸைக் கிழிக்க வேண்டும் என்று கேட்டேன். "கிழிக்கிற வேலைய நானே பண்றேன்" என்று எழுந்து போனார் எம்.டி.

ஜூலை 2, செவ்வாய்

மூன்றாவது தொகுப்பு. பஞ்சு நூல் கட்டு. மூன்று வாஷ், பதினெட்டு ஓம்.

ஜெரினா வந்துவிட்டாள். "குட்மார்னிங் மேடம்" என்றாள். நாலு வருடத்தில் மேடம் என்று கூப்பிட்டதே இல்லை. மெஷினை ஓட்டினாள், பட்டைகளை எண்ணிக் கொடுத்தாள், மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விட்டாள். ஃபேன் எனக்கு மட்டும் சுற்றியது.

எம்.டி. எல்லார் முன்னாலும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அதனால் தனியாக நான் வேறு எதற்குப் பேச வேண்டும்? சொன்னது சொன்னதுதானே.

ஜூலை 5, வெள்ளி

பன்னிரண்டு வாஷ். பத்தொன்பது ஓம். பேசலாம் என்று பக்கத்தில் போனேன். "என்ன வேணுங்க மேடம்?" என்றாள். "கத்தரிக்கோல்" என்றேன். எடுத்துக் கொடுத்தாள். என் மேசையில் ஏற்கெனவே இரண்டு கத்தரிக்கோல் இருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

இருபத்தொரு வாஷ். இருபது ஓம். முதல் தடவை கறுத்த இடத்தைத் தாண்டிவிட்டோம். எபனேசர் சார் எல்லாருக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கித் தந்தார். இன்றைக்கும் ஜெரினாவிடம் பேசப் போய் இன்னொரு கத்தரிக்கோல் வாங்கி வந்தேன்.

ஜூலை 20, சனி

ஐம்பது.

இருபத்தாறு ஓம். பன்னிரண்டு பட்டையும். ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. ஐம்பதாவது வாஷ் முடிந்து, ஒரே பட்டையில் மூன்று தரம் மீட்டரை வைத்துப் பார்த்தேன். எபனேசர் சார் மீட்டரை வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு, "அல்லேலூயா" என்றார். ஜெரினா கைதட்டினாள். கைதட்டிவிட்டு, நான் பார்த்ததும் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கோயமுத்தூரிலிருந்து குழந்தை டாக்டரம்மா ஒருவர் பார்க்க வருகிறார்.

ஜூலை 22, திங்கள்

இன்று நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், கலகலப்பானவர். பெரியவர்கள் அளவில் ஒரு பட்டையைத் தைத்து வைத்திருந்தோம், யாராவது கட்டிக் காட்ட வேண்டும். "மேடமே கட்டட்டும், அவங்க பிள்ளைல்லா இது" என்றார் எபனேசர் சார். புடவைக்கு மேலேயே நெஞ்சைச் சுற்றிக் கட்டி, ஒரு சின்னக் கருவியை மாட்டினார்கள். எதிரே கம்ப்யூட்டரில் ஒரு பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. மூச்சை இழுத்தால் மேலே ஏறியது, விட்டால் இறங்கியது. என் மூச்சை என் கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை. எம்.டி. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டாக்டரம்மா, "அருமையா ஓடுதே" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஜெரினா டீ தட்டோடு உள்ளே வந்தாள். எனக்கு நேர் எதிரே நின்று, "மேடம், டீ" என்று டம்ளரை நீட்டினாள்.

கோடு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. படுக்கையாக ஓடியது.

டைங், டைங் என்று மணி அடித்தது. எபனேசர் சார் பதறிப்போய், "ஐயோ, சர்க்யூட் விட்டுட்டு!" என்று வயரைப் பிடித்து ஆட்டினார். எம்.டி. முகம் வெளுத்துவிட்டது. எம்.டி. கருவியைத் தட்டினார், டாக்டரம்மா பட்டையைத் தடவினார். ஐம்பது வாஷும் போச்சு, செக்‌ஷனும் போச்சு, லேபும் போச்சு என்று நினைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜெரினா மட்டும் கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கோட்டைப் பார்த்தாள்.

"பட்டை நல்லாத்தான் இருக்குது சார்" என்றாள். "இவங்கதான் மூச்சு விடல."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா!" என்று சிரித்துவிட்டார். "மூச்ச விடுங்கம்மா!"

விட்டேன். கோடு ஒரே தூக்காக மேலே போய் இறங்கியது. மணி நின்றது. மூச்சோடு சேர்ந்து வாயும் திறந்துவிட்டது.

"ஜெரினா, முட்டைன்னு எழுதிக் குடுத்தது நான்தான். தப்பு என்னுதுன்னு எம்.டி. சார்கிட்ட சொன்னேன், ஊருக்கெல்லாம் தெரிஞ்சுது. உன்கிட்ட சொல்லல. உன் முகத்தப் பாத்துச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சுக்க."

கோடு கண்டபடி குதித்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மறைக்கவா முடியும்? ஜெரினா தட்டை மேசையில் வைத்தாள்.

"பேக்கிங்ல நின்னதுகூடக் கஷ்டமில்லீங்க்கா. கேன்டீன்ல அவனுங்க 'முட்டை'ன்னு கூப்பிட்டப்ப நீங்க அங்கதான் உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லலியே. அதுதான்."

"ஆமா. சொல்லல."

"சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

டாக்டரம்மா மெதுவாக, "பேசுங்க, பேசுங்க. மூச்சு மாறுறது எல்லாம் இவ்வளவு துல்லியமாத் தெரியுதே. எனக்கு இது மாதிரி ரீடிங் வேற எங்கயும் கெடைக்காது" என்றார். ஜெரினாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எம்.டி. அப்புறம் எனக்கும் வந்துவிட்டது. கோடு ஸ்க்ரீனை விட்டே வெளியே போனது.

சாயங்காலம் எபனேசர் சார் சொன்னார், டாக்டரம்மா மருத்துவமனையில் முறைப்படி அனுமதி வாங்கி, நர்ஸ் பக்கத்திலேயே இருக்க, பழைய வயரோடு சேர்த்து இந்தப் பட்டையையும் வைத்துப் பார்க்கப் போகிறாராம்.

ஆகஸ்ட் 3, சனி

பேக்கிங் பையன்களிடம் போய்ச் சொன்னேன், ஜெரினாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று. லேட்தான். ஆனாலும் போனேன்.

ஆகஸ்ட் 14, புதன்

பதினொரு மணிக்கு எபனேசர் சார் செல்லுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். குழந்தையின் முகம் தெரியவில்லை. ஒரு சின்ன நெஞ்சு, என் உள்ளங்கை அளவுகூட இல்லை, அதைச் சுற்றி நம்முடைய சாம்பல் பட்டை. பக்கத்தில் பச்சைக் கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுகிறது. பெண் குழந்தை, ஒன்றேகால் கிலோ, பிறந்து ஆறு நாள், இன்னும் பெயர் வைக்கவில்லை. நிமிடத்துக்கு ஐம்பது மூச்சு என்று கீழே எழுதியிருந்தது.

ஜெரினா என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு தரம் இல்லை, ஏழெட்டுத் தரம் போட்டுப் பார்த்தோம்.

"ஐம்பதாங்க்கா? நம்மளுது எவ்வளவு?"

எண்ணிப் பார்த்தோம். பதினாறு.

"இந்தப் புள்ளைக்கு என்ன அவசரமாம்?" என்றாள் ஜெரினா. "வாங்க, அது கூடவே விட்டுப் பாக்கலாம்."

மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, செல்லை நடுவில் சாய்த்து வைத்து, கோடு ஏறும்போது இழுத்து, இறங்கும்போது விட்டு, இரண்டு பேரும் அந்தக் குழந்தையோடு மூச்சுவிட்டோம். அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஜெரினா தலை சுற்றி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள், எனக்குச் சிரிப்பில் புரை ஏறியது. அவள் எழுந்து என் தலையைத் தட்டினாள்.

கோடு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.